எதற்காகக் கிளம்புகிறோம், யார் எந்த வகைப் பயணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று ஆள் சேர்த்து வேன் பேசி வெளியூர் கூட்டிப்போகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்து பல வருடம் ஆகிறது. கிளம்புவதற்கு முன்னாலும் திரும்பி வந்த பிறகும் எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. பிறகு ஏன் மனிதர்கள் கிளம்புகிறார்கள்?

இருக்கிற இடம் தள்ள வேண்டும், போகிற இடம் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் கிளம்புவார். கிரஹாம் டான் என்ற ஆய்வாளர் 1977-ல் இந்தத் தள்ளலையும் இழுப்பையும் பிரித்து எழுதினார். சுற்றுலா படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் இதுதான் முதல் பாடம்.

மே மாதம் சென்னைக் குடும்பம் ஒன்று ஊட்டிக்குப் போகிறது. ஏன் என்று கேளுங்கள். குளிர், மலர்க் கண்காட்சி, படகு என்று வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் இழுப்பது. தள்ளியது அக்னி நட்சத்திரம், லீவில் வீட்டில் அடங்காத பிள்ளைகள், "எங்கேதான் எங்களைக் கூட்டிப்போனீங்க" என்று வருடா வருடம் வருகிற புகார். இழுத்ததை எல்லாரும் வாய் நிறையச் சொல்வார்கள். தள்ளியதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்தவரை பயணம் கெடுவது அந்தச் சொல்லாத காரணத்தால்தான். ஆபீஸில் நொந்துபோய், நான்கு நாள் நன்றாகத் தூங்கலாம் என்று வந்தவரை விடிகாலை நாலு மணிக்குச் சூரிய உதயம் பார்க்க எழுப்பினால், உதயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூஞ்சி தூக்கித்தான் இருக்கும்.

ஒரே மாதத்தில் ஒரே வெயில் எல்லாரையும் ஒரே மலைக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்றாகிவிட்டது. போகுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குச் சொந்த ஊர் போவதெல்லாம் சுற்றுலாவில் சேருமா?

கணக்கெடுப்பவர்களைக் கேட்டால் சேரும். வழக்கமாக இருக்கிற இடத்தை விட்டு வெளியே, ஒரு வருடத்துக்குக் குறைவாக, அங்கே போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் இருந்துவிட்டு வந்தால் நீங்கள் அவர்கள் கணக்கில் பயணி. ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. காலையில் போய் இரவு திரும்பினால் ஒருநாள் வருகையாளர். ஆகவே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிற்கிறவரும் சுற்றுலாப் பயணிதான். அவரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

உள்நாட்டுப் பயணிகள் அதிகம் வரும் மாநிலங்களில் தமிழ்நாடு பல வருடங்களாக முதல் சில இடங்களுக்குள் இருப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அத்தனை பேரும் கடற்கரையும் மலையும் பார்க்க வருகிறவர்கள் அல்லர். பெரும்பகுதி கோயில்.

கோயிலுக்குப் போவது பக்தியா, ஊர் சுற்றலா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கொஞ்சம் கிண்டலாகவே கேட்பார்கள். என் பதில்: இரண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சபரிமலைக்குப் போகிற வேனைப் பாருங்கள். மாலை போட்டு விரதம் இருந்து, குருசாமி கையால் இருமுடி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். தரிசனம் முடிகிற வரை பேச்சு, சாப்பாடு, தூக்கம் எல்லாமே கட்டுப்பாடு. திரும்பும்போது அதே வேன் குற்றாலத்தில் நிற்கும். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன் என்று கடைக்காரர்களே தனியாகச் சொல்வார்கள். அருவியில் குளித்து, ஈரத் துண்டை வேன் ஜன்னலில் காயப்போட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைச் சுடச்சுட மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாமிகளின் முகத்தைப் பார்த்தால் எது பக்தி, எது உல்லாசம் என்று கோடு போட முடியாது. அடுத்து திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் பெரிய பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். ஐதராபாத், நாகபுரி வழியாகப் போய், கயா, கல்கத்தா, பூரி பார்த்து 1831 செப்டம்பரில் சென்னை திரும்பினார். புண்ணியம் தேடிப் போனவர்தான். ஆனால் தெலுங்கில் அவர் எழுதி வைத்த குறிப்பில் எந்த ஊரில் தங்க இடம் இருக்கிறது, பாதை எப்படி, சாமான் கிடைக்குமா என்பதெல்லாம் வருகிறது. பின்னால் வருகிறவனுக்கு வழி சொல்லும் ஆசையும் ஊர் பார்க்கும் ஆசையும் அந்த மனிதரிடம் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து ராமேசுவரம் வருகிறவர்களுக்கும் இதே பாடுதான். தஞ்சை மராட்டிய மன்னர்கள் அந்தப் பாதை நெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

காசி யாத்திரையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கயாவில் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். மாம்பழத்தை விட்டவரை நான் பார்த்ததில்லை. பாகற்காயையும் விளாம்பழத்தையும் விட்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

பெண்கள் அதிகம் போகும் கோயில் பயணங்களுக்குத் தனிக் காரணம் உண்டா?

உண்டு. அதை வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூர் போகும் பஸ்களில் முழுக்கச் சிவப்புப் புடவைகள். அங்கே பெண்கள் கருவறைக்குள் போய் வழிபடலாம், மாதவிலக்கு தடையில்லை. இது ஆன்மிகக் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. "நானும் தோழிகளும் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறோம்" என்று வீட்டில் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். "இருமுடி கட்டுகிறேன்" என்றால் அந்தக் கேள்வி வராது. சமையல் இல்லை, பரிமாறல் இல்லை, பஸ்ஸில் பாட்டு. வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் அவர்களுக்கு விடுமுறை. பக்தி குறைந்தது என்று நான் சொல்லவில்லை; பக்திக்கு மட்டும்தான் அனுமதி கிடைக்கிறது என்கிறேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு சின்னப் பயணங்களும் கூடியிருக்கின்றன. பக்கத்து ஊர் வெள்ளிக்கிழமைக் கோயில், அக்கா வீடு, ஜவுளிக்கடை. யாரிடமும் பத்து ரூபாய் கேட்க வேண்டாம் என்பதும் பயணத்துக்கு ஒரு காரணம்தானே.

குலசாமி கோயிலுக்குப் போவதும் இதே வகையா?

இல்லை, அது தனி. யாரும் அந்த ஊரைப் பார்க்கப் போவதில்லை. பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு வேப்பமரம், நாலு கல், கண்மாய்க் கரை. தென்மாவட்டங்களில் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று போவார்கள்; மற்றவர்களில் பலர் மகா சிவராத்திரிக்கு. பெங்களூரில் பெரிய வேலையில் இருப்பவர் செங்கல் அடுக்கி, காற்றுக்கு அணையும் அடுப்பை ஓலையால் மறைத்துக்கொண்டு பொங்கல் பொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பொங்கினதும் குலவை. அப்புறம் "நீ சின்னையா பேரனா?" என்று யாராவது ஒரு பாட்டி வந்து கேட்பார். அந்த ஒரு கேள்வி காதில் விழுவதற்குத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

படித்தவர்கள் பயணிகளை எப்படி வகை பிரிக்கிறார்கள்?

பல பட்டியல்கள் உண்டு. எரிக் கோஹன் என்ற சமூகவியலாளர் 1972-ல் நான்காகப் பிரித்தார். நிறுவனம் போட்ட திட்டப்படி கூட்டமாகப் போய்வருபவர் ஒருவர். அதே இடங்களுக்குத் தன் விருப்பப்படி தனியாக ஏற்பாடு செய்து போகிறவர் அடுத்தவர். கூட்டம் போகாத இடம் தேடுபவர், ஆனால் ராத்திரிக்கு நல்ல படுக்கை வேண்டும் என்பவர் மூன்றாமவர். நான்காமவர் திட்டமே இல்லாமல், போன ஊரில் அந்த ஊர்க்காரரைப் போலவே கிடந்துவிட்டு வருபவர்.

இந்தக் கூட்டப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு. வார இறுதியில் பாண்டிச்சேரிக்கு வேன் பேசுகிற தம்பிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல்களில் எனக்கு ஒரு குறை உண்டு. அவை ஆளைப் பிரிக்கின்றன. ஆனால் ஒரே ஆள் பிப்ரவரியில் குலசாமிக்கும், மே மாதம் கொடைக்கானலுக்கும், டிசம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு கோவாவுக்கும் போகிறார். மூன்றிலும் மூன்று ஆள். பயணத்தைத்தான் வகை பிரிக்க வேண்டும்.

சரி, நம்ம ஊர் வேனில் யார் யார் இருப்பார்கள்?

முதலில் "கவர்" பண்ணுகிறவர். கையில் பட்டியலோடு முன் சீட்டில் இருப்பார். பத்து இடம் பார்க்க வேண்டும். ஒன்பதாவதில் நேரம் போனால் பதற்றமாகிவிடுவார். அவருக்கு நேர் எதிர், போன இடத்தில் உட்கார்ந்துவிடுகிறவர். கோயில் பிராகாரத் திண்ணையில் சாய்ந்தால் எழுப்ப ஆள் விட வேண்டும். சாப்பாட்டுக்காகவே வருகிறவர் ஒருவர் நிச்சயம் உண்டு. மதுரை என்றால் அவருக்கு மீனாட்சி இரண்டாவது, ஜிகர்தண்டா முதலாவது. வாங்குகிறவர் ஒருவர்: திண்டுக்கல்லில் பூட்டு, பத்தமடையில் பாய், திரும்பும்போது எல்லார் காலடியிலும் அவருடைய மூட்டை. இவர்களோடு ஊரில் எல்லாரும் போகிறார்களே என்று வந்தவர். அவரைக் குறைவாக எடை போடாதீர்கள். வழியில் யாருக்காவது வாந்தி வந்தால் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் அவர் பையிலிருந்துதான் வரும்.

பட்டியல் போட்டு ஓடி ஓடிப் பார்ப்பதை ஏன் எல்லாரும் கேலி செய்கிறார்கள்?

கேலி செய்பவர்களுக்கு நினைத்தபோது போக முடிகிறது, அதனால். மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு எல்டிசி என்கிற விடுமுறைப் பயணச் சலுகை நான்கு ஆண்டுக் கட்டத்தில்தான் வருகிறது. அதில் ஒரு முறைதான் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், மற்றது சொந்த ஊருக்கு. வயதான அம்மா, இரண்டு பிள்ளைகளோடு டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகிறவர் தாஜ்மகாலில் ஒரு மணி நேரம்தான் நின்றார் என்று சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அவருக்கு அடுத்த முறை என்பது நிச்சயமில்லை. ஆற அமர ஒரே ஊரில் ஒரு வாரம் இருந்து பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு லீவும் பணமும் வேண்டும். அதை ஒழுக்கம் மாதிரி உபதேசிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

போட்டோ எடுப்பதற்காகவே போகிறவர்கள்?

கொழுக்குமலைக்குப் போய்ப் பாருங்கள். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியில். எலும்பைக் குலுக்கும் பாதையில் இருட்டோடு ஏறி, சிங்கப்பாறை முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். கீழே மேகம் கடல் மாதிரி பரவிக் கிடக்கும். பாதிப்பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலத்தில் மகாபலிபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஸ்டுடியோக்காரரிடம் படம் எடுத்து ஹாலில் மாட்டியவர்களும் நாம்தான். பாறை விளிம்பில் நின்று எடுக்காத வரை ஒன்றும் சொல்வதற்கில்லை.

போய்ச் சேருவதற்காக இல்லாமல், போவதற்காகவே போகிறவர்கள் உண்டா?

ஊட்டி மலை ரயில் அவர்களுக்காகத்தான் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்; ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பஸ்ஸில் போனால் அதில் பாதிகூட ஆகாது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக் கவ்வி ஏறுகிற சத்தத்துக்காகவே இவ்வளவு பேர் டிக்கெட்டுக்கு அலைகிறார்கள். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பைக்கில் லடாக் போகிறவர்களும் இந்த வகைதான். ஒரு யோசனை மட்டும்: லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் பைக்கைத் தொடாமல் ஓய்வெடுங்கள். தலைவலியும் மூச்சு வாங்கலும் வந்த பிறகு வீரம் காட்டுவது ஆபத்து.

அழிந்துபோன இடங்களைப் பார்க்க ஏன் இத்தனை கூட்டம்?

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது; வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. இன்று இடிந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் சங்கு மாலை விற்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு கார்களுக்குக் குறைவில்லை. வருகிறவர்களில் பலர் முதலில் சத்தமாகத்தான் இறங்குவார்கள். ரயில் கதையைக் கூட வந்த பெரியவர் யாராவது சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அதில் இருந்தவங்க?" இவ்வளவு பெரிய நாசம் நடந்த மண்ணில் நிற்க மனிதனுக்கு ஓர் ஆசை இருக்கிறது. நல்லதா கெட்டதா என்றால், அங்கே எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆசை இல்லாமல், வேறு வழியில்லாமல் பயணம் செய்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டாமா?

கட்டாயம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் வங்காள எழுத்தில் பலகைகள், மீனும் சோறும் தரும் கடைகள், வாரக்கணக்கில் தங்குவோருக்கான லாட்ஜுகள். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிற இரண்டு நாளில் ஒரு குடும்பம் ஶ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கோட்டைக்கும் போய்வரும். அவர்களைப் பயணி என்பதா, நோயாளி என்பதா? அந்தப் பகலில் அவர்கள் பயணிகள்தான்.

பயணத்தால் வரும் சந்தோஷம் எத்தனை நாள் தாங்கும்?

அதிக நாள் தாங்காது. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. விடுமுறைக்குப் போகப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, பயணம் மிக நிம்மதியாக அமைந்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது: சீக்கிரம் திட்டமிட்டால் சந்தோஷமும் நீளும். ரயிலில் இப்போது 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. அன்றைக்கே டிக்கெட் போட்டு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் பேச விஷயம் கிடைக்கும். கடைசி நிமிடத்தில் தட்கலுக்கு, ஏசி என்றால் காலை பத்து, மற்றதற்குப் பதினொன்று என்று கைப்பேசியோடு மல்லுக்கட்டுவதில் அந்த இரண்டு மாதமும் போய்விடும்.

ஒரே வண்டியில் ஆளுக்கொரு ஆசை. எப்படிச் சமாளிப்பது?

வண்டி பேசுவதற்கு முன்னால் "எங்கே போகலாம்" என்று கேட்காதீர்கள். "போய் என்ன பண்ண ஆசை" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் "எதுவானாலும் சரி" என்பார்கள், அது பொய். தனியாகக் கேட்டால் அத்தை "காலையில் காபி நேரத்துக்கு வேண்டும்" என்பார், கல்லூரிப் பிள்ளை "ஒரு மணி நேரமாவது தனியாகச் சுற்ற விடுங்கள்" என்பான். இரண்டும் செலவில்லாத ஆசைகள். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் திட்டமே போடாமல் விடுங்கள். தூங்குகிறவர் தூங்கட்டும், வாங்குகிறவர் வாங்கட்டும். பணத்தை முதலிலேயே பொதுவாக வசூலித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வழியில் ஒவ்வொரு டீக்கும் கணக்குப் பார்த்துப் பிரிந்த உறவுகள் உண்டு.

எங்கேயும் போகவே பிடிக்காதவர்கள் இருக்கிறார்களே, அது குறையா?

அவர்களால்தான் இந்த ஆராய்ச்சியே சூடு பிடித்தது எனலாம். 1960களின் கடைசியில் அமெரிக்க விமான நிறுவனங்கள், பணம் இருந்தும் சிலர் ஏன் பறப்பதில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஸ்டான்லி பிளாக் என்ற உளவியலாளரை அமர்த்தின. தெரிந்த இடம், தெரிந்த சாப்பாடு, தெரிந்த முகம் இருந்தால்தான் நிம்மதி என்று ஒரு வகை மனிதர்கள் ஒரு முனையில். புதிது என்றால் பாய்கிறவர்கள் மறு முனையில். பெரும்பாலோர் நடுவில் என்று அவர் சொன்னார். குறையெல்லாம் இல்லை. வற்புறுத்தி ஏற்றாதீர்கள். அவர் வந்தால்தான் நன்றாக இருக்கும் என்றால், முன்பு போய்ப் பழகிய ஊருக்கே, பழகிய விடுதிக்கே கூட்டிப்போங்கள்.

ஓட்டுநர் எந்த வகைப் பயணி?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. கொடைக்கானல் ஏரியை உங்களைவிட அதிக முறை பார்த்தவர் அவர். ஆனால் பார்த்ததெல்லாம் பார்க்கிங்கிலிருந்து. நாள் வாடகை, கிலோமீட்டர், டோல், பேட்டா எல்லாவற்றையும் முன்பே பேசிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மலையில் ஓட்டச் சொல்லாதீர்கள். அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். மறுநாள் காலையில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் உங்களை இறக்கப் போகிறவர் அவர்தான்.